அப்பத்தா பேரைக் கேட்டு எழுதி வையுங்கள்! – வாசகர் கேள்வி-பதில்

(குடும்ப வரலாறு தேடும் வாசகர்களின் கடிதங்களுக்கு, மண்டபத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை பதில் எழுதுகிறார்.)

கேள்வி: நாங்கள் கடல்தொழில் குடும்பம். மகன் அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் வேலை பார்க்கிறான். அங்கேயே கல்யாணம் முடித்துக்கொண்டான். மருமகளின் அப்பா வழியினர் வெள்ளைக்காரர்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா சாக்டா என்ற பூர்வகுடியாம். மருமகளும் அவளுடைய பெரியம்மா, மாமா பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமையானால் வீடியோ காலில் உட்கார்ந்து பழைய காகிதங்களைத் தேடித் தேடி எழுதுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பேத்தி, "அப்பத்தா, உங்க பக்கத்து ஆளுங்க பேரையும் சொல்லுங்க" என்கிறாள். என் மாமியாருக்கு மேலே எனக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் மன்னார்த் தீவில் பேசாலையிலிருந்து தனுஷ்கோடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். புயலில் எல்லாம் போய்விட்டது. சொந்தக்காரர்களோ, "காட்டுவாசி சம்பந்தம், இதை வேற எழுதி வைக்கணுமா" என்கிறார்கள். என் பேத்தி சாக்டாவா, நம்ம ஆளா? நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாக்டாக்கள் மிசிசிப்பி மண்ணில் ஊர் ஊராக வாழ்ந்து, சோளம் விதைத்து, தங்களுக்கென்று தலைவர்களும் முறைகளும் வைத்திருந்த மக்கள். நனி வாயா என்ற மண்மேட்டை இன்றும் தங்கள் தாய் என்று கும்பிடும் மரியாதையோடு பார்க்கிறார்கள். 1830-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பூர்வகுடிகளை மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் செப்டம்பர் 27-ம் தேதி டான்சிங் ராபிட் கிரீக் ஓடைக்கரையில் சாக்டாக்களோடு ஒப்பந்தம் எழுதி, அவர்கள் நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். 1831 முதல் 1833 வரை கூட்டம் கூட்டமாக இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போகவைத்தார்கள். முதல் கூட்டம் போனது கடும் பனிக்காலம். அந்த டிசம்பரில் மெம்பிஸ் நகரத்தில் அவர்கள் ஆற்றைக் கடப்பதைப் பிரெஞ்சுக்காரர் தோக்வில் நேரில் பார்த்தார். நோயாளிகள், பிறந்த குழந்தைகள், சாகக் கிடக்கும் கிழவர்கள் எல்லாரும் இருந்த அந்தக் கூட்டத்தில் ஒரு விசும்பல்கூடக் கேட்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரே ராத்திரியில் ஊரை இழந்த தனுஷ்கோடிக்காரர்களின் சொந்தம் இதைக் கேட்டுவிட்டு "காட்டுவாசி" என்று சொல்லக் கூடாது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

கலப்பு என்று மூக்கைச் சுளிக்கவும் இடமில்லை. ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே ஆங்கிலேய, பிரெஞ்சு வியாபாரிகள் சாக்டா பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முக்கியத் தலைவர் கிரீன்வுட் லெஃப்ளோரின் அப்பா, கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு வியாபாரி. அப்பா வெள்ளைக்காரர், மகன் எப்படிச் சாக்டா தலைவரானார் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துச் சாக்டாக்களிடம் பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. தாய் சாக்டா என்றால் பிள்ளையும் முழுச் சாக்டாதான். வளர்ப்பில் தாய்மாமனுக்குப் பெரிய பங்கு. நம் சேதுச் சீமைக்கு இது புதிதா? கொண்டையங்கோட்டை மறவர் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தாயின் கிளைதான். கல்யாணப் பேச்சு வந்தால் முதலில் கிளையைத்தான் கேட்கிறார்கள். கீழக்கரையில் வீடு மகளுக்கு. மருமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். அம்மா வழியைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது நமக்குத் தெரிந்த வழக்கம்தான்.

இனி, பேத்தி சாக்டாவா என்ற கேள்வி. இதைத் தோலின் நிறமோ நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. ஓக்லஹோமாவில் சாக்டா நேஷன் என்ற பூர்வகுடி அரசுக்கு டுரான்ட் நகரில் தலைமையகம் இருக்கிறது. உறுப்பினர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்கள் வைத்திருக்கும் விதி இதுதான்: டாவ்ஸ் பட்டியல் என்ற பழைய பதிவில் "இரத்த வழி" சாக்டா என்று பெயர் ஏறிய ஒருவரின் நேர் வாரிசாக இருக்க வேண்டும். இவ்வளவு பங்கு இரத்தம் இருந்தால்தான் சேர்ப்போம் என்று அவர்கள் வரம்பு வைக்கவில்லை. ஆகையால் அப்பா தங்கச்சிமடத்துக்காரர் என்பது தடையே இல்லை. மிசிசிப்பியிலேயே தங்கிவிட்ட சாக்டாக்களின் அமைப்பு வேறு. அங்கே பாதி இரத்தம் வேண்டும் என்று விதி. எந்தச் சாக்டா என்பதை மருமகளிடம் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாவ்ஸ் பட்டியல் வந்த கதையையும் பேத்தி தெரிந்துகொள்ள வேண்டும். சாக்டாக்களின் நிலம் ஊர்ப் பொதுவாக இருந்தது. அதைத் துண்டு போட்டு ஆளுக்கு ஆள் கொடுத்துவிட்டு மீதியைப் பிறருக்குத் திறந்துவிட நினைத்த அமெரிக்க அரசு, 1893-ல் ஒரு கமிஷன் வைத்தது. 1898 முதல் 1906 வரை குடும்பத் தலைவர்களைக் கூப்பிட்டு, சாட்சி வைத்து விசாரித்து எழுதினார்கள். 1907 மார்ச்சில் பட்டியலை மூடிவிட்டார்கள். நிலத்தைப் பிடுங்க எழுதிய அதே காகிதம் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு வேர் காட்டுகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டை. அதில் பெயர், வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த வட்டாரம், தாய் தகப்பன் பெயர், அவர்கள் இருக்கிறார்களா இறந்துவிட்டார்களா என்பது வரை உண்டு. விசாரணையில் சொன்ன வாக்குமூலங்கள் தனிக் கட்டாக இருக்கின்றன. ஓக்லஹோமா வரலாற்றுச் சங்கம் பெயர் தேடும் வசதி வைத்திருக்கிறது. மூலக் காகிதங்கள் டெக்ஸாஸ் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1831-ல் புறப்படுவதற்கு முன் எடுத்த ஆர்ம்ஸ்ட்ராங் கணக்கு என்று ஒன்றும் உண்டு. அதுவரை எட்டிவிட்டால் மிசிசிப்பியில் அவர்கள் வீடு எங்கே இருந்தது என்றுகூடத் தெரியவரும்.

அந்த அட்டையில் "முழு", "பாதி", "கால்" என்று எழுதியிருக்கும் இரத்தக் கணக்கை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லுங்கள். குடும்பம் சொன்னதையும், அதிகாரி கண்ணுக்குப் பட்டதையும் வைத்து எழுதியது அது. 1908-ல் வந்த சட்டம் பாதிக்குக் கீழே இரத்தம் உள்ளவர்களின் நிலத்தை விற்கத் தடையில்லை என்று ஆக்கியது. அந்தப் பின்னத்தை நம்பி எத்தனையோ நிலம் கைமாறிப் போனது. இன்னொன்றும் இருக்கிறது. சாக்டாக்களில் சிலர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். அவர்கள் வழி வந்தவர்களை "விடுதலை பெற்றோர்" என்று தனிப் பட்டியலில் போட்டார்கள். அப்பன் சாக்டாவாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இரத்தக் கணக்கு எழுதவில்லை. சாக்டா குடிகளுக்குச் சராசரியாக 320 ஏக்கர் பெறுமானம் என்றால் இவர்களுக்கு 40 ஏக்கர். 1983-ல் எழுதிய சாக்டா அரசியல் சட்டம் இரத்த வழி என்று கேட்பதால் இவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். மருமகளின் குடும்பம் தேடும்போது அப்படி ஒரு கிளை வந்தால் ஒதுக்காமல் எழுதச் சொல்லுங்கள். வலிக்கும்; இருந்தாலும் எழுத வேண்டும்.

உறுப்பினர் அட்டை வாங்க நேர் வாரிசு என்பதைக் காட்டும் பிறப்புச் சான்றுகள் தலைமுறை தலைமுறையாக வரிசையாக வேண்டும். பாட்டனின் தம்பி பெயர் பட்டியலில் இருந்தால் போதாது. மருமகளே ஏற்கெனவே உறுப்பினர் என்றால் வேலை சுலபம்: தன் அட்டையையும் மகளின் பிறப்புச் சான்றையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கரைவலையை ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மீன் வருமா? பெரியம்மா பிள்ளைக்குக் கேட்ட கதை மாமா பிள்ளைக்குக் கேட்டிருக்காது. ஒருவர் வீட்டில் பைபிளின் முதல் பக்கத்தில் பிறந்த தேதிகள் இருக்கும், இன்னொருவர் வீட்டில் போட்டோ இருக்கும். தனியாகத் தேடுகிறவர் தன் சௌகரியத்துக்குக் கதையை நேராக்கிவிடுவார். கூட ரெண்டு பேர் இருந்தால், "இல்ல, எங்கம்மா வேற மாதிரி சொன்னாங்க" என்று நிறுத்துவார்கள். ரெண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் எழுத வேண்டும்.

இப்போது உங்கள் முறை. உங்கள் மாமியார் பேசாலையில் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால் நமக்கு நல்ல வழி இருக்கிறது. 1908-க்குப் பிறகு கத்தோலிக்கக் கோயில்களில், கல்யாணம் எங்கே நடந்தாலும் அதை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து, அங்குள்ள ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று முறை வந்தது. தனுஷ்கோடிக் கோயிலின் புத்தகம் 1964 டிசம்பரில் கடலோடு போயிருந்தாலும், அந்தக் கல்யாணம் பேசாலைப் புத்தகத்தின் ஓரத்தில் நிற்கக் கூடும். பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், பெயர்கள் புரியும். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரை விட்டுவிடாதீர்கள். அநேகமாக அத்தையாகவோ மாமனாகவோ இருப்பார்கள். சொந்தத்தில் கட்டியிருந்தால் கோயில் அனுமதி வாங்கி, எந்த முறையில் சொந்தம் என்பதைத் திருமணப் பதிவிலேயே எழுதியிருப்பார்கள். நம் குடும்பங்களில் ஒரு தலைமுறை முழுவதையும் அந்த ஒரு வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கெல்லாம் முன்னால், உங்கள் மாமியார் காலத்துப் பொம்பளைகள் ராமேஸ்வரத்திலோ பாம்பனிலோ இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். "எங்க மாமியாரைத் தெரியுமா?" என்று தொடங்காதீர்கள். போட்மெயில் ரயில் வந்து நின்றால் யார் யார் இறங்குவார்கள், கல்யாணத்துக்கு அக்கரையிலிருந்து என்ன கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். பெயர்கள் தன்னாலே வரும். பேத்தியையும் போனில் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆளா என்று கேட்டீர்கள். உங்களை அப்பத்தா என்று கூப்பிடுகிற பிள்ளையைப் பற்றி இதில் என்ன சந்தேகம் தங்கச்சி? சாக்டா வம்சமும்தான், நம்ம ஆளும்தான்.

கேள்வி: வெளிநாட்டிலிருக்கும் தம்பி எச்சில் எடுத்து அனுப்பும் மரபணுச் சோதனைப் பெட்டி வாங்கி வருகிறேன் என்கிறான். அதைச் செய்தால் பூர்வீகம் முழுவதும் தெரிந்துவிடுமா?
– வாசகர், தொண்டி

பதில்: தெரியாது. ஆறேழு தலைமுறைக்கு முந்திய ஒரு பாட்டியின் மரபணுவில் உங்களிடம் ஒன்றுமே வந்து சேராமல் போகலாம். உங்கள் தம்பிக்கு வந்திருக்கலாம். கூடப்பிறந்தவர்களுக்கே பாதிதான் ஒத்துப்போகும். கம்பெனிகள் தங்களிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் சொல்கின்றன. மேலே எழுதிய சாக்டா நேஷன்கூட இந்தச் சோதனையை உறுப்பினர் சான்றாக ஏற்பதில்லை, காகிதம்தான் கேட்கிறார்கள். இது உதவுவது உயிரோடு இருக்கும் தூரத்து உறவினரைக் கண்டுபிடிப்பதற்கு. அந்தக் காரணத்தாலேயே, சோதனைக்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒருவர் கொடுத்தாலும் அது அவர்களைப் பற்றியும் பேசும்.

கேள்வி: வாப்பாவின் வாப்பா இலங்கையில் காலி நகரில் மாணிக்க வியாபாரம் பார்த்தவர். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் தொடர்பு கொண்டிருக்கிறார்கள். சேர்ந்து வரலாறு எழுதலாம் என்கிறார்கள். எங்கள் மாமிக்கு எண்பது வயதுக்கு மேலே. "மூடிக் கிடக்கிறதைக் கிளறாதே" என்கிறார்கள். வீட்டில் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது.
– எம்.எஸ்., கீழக்கரை

பதில்: தம்பி, மாமி கோபப்படுவது வரலாற்றின் மேல் இல்லை. தன் உம்மா அனுபவித்த தனிமையை அவர் பார்த்து வளர்ந்திருப்பார். அக்கரையில் கடை வைத்த ஆண்கள் வருஷத்துக்கு ஒரு தரம், சில சமயம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தரம் வந்து போனார்கள். வீட்டை நடத்தியது கீழக்கரைப் பெண்கள். மாமியிடம் காலிக் குடும்பத்தைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். அவருடைய உம்மாவைப் பற்றிக் கேளுங்கள்: யாரிடம் ஓதினார், கடிதம் வந்தால் யார் படித்துக் காட்டினார், எந்த நகையை விற்று எந்தப் பிள்ளையைப் படிக்கவைத்தார். அதை முழுவதும் எழுதுங்கள். உங்கள் வரலாற்றில் அந்த அம்மாவுக்கு முதல் இடம் என்று தெரிந்தால் மாமியே மற்றதைச் சொல்லக் கூடும். சொல்லவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

கடிதங்களைத் தொட்டுத் தொட்டுப் பிரிக்காமல் முதலில் படம் எடுங்கள், உறையின் பின்பக்கத்தையும் சேர்த்து. தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள், ஆனால் உங்கள் தெருவிலேயே வயதான ராத்தா யாராவது சரளமாகப் படிப்பார். வெளியாளிடம் கொடுப்பதைவிட, குடும்ப ரகசியத்தைக் காக்கும் அவரிடம் கொடுங்கள். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டில் மஹர் தொகையும் பெண்ணுக்குப் பொறுப்பான வலியின் பெயரும் சாட்சிகள் பெயரும் இருக்கும். கபரஸ்தானில் கபர்மேல் நட்ட மீசான் கற்களையும் பாருங்கள். காலியில் நடந்த நிக்காஹ் அந்த நாட்டுப் பதிவகத்தில் ஏறியிருக்கலாம். அதை அங்குள்ள பிள்ளைகள்தான் தேட முடியும். வேலையை இப்படிப் பங்கு வைத்துக்கொண்டால் ரெண்டு பக்கமும் சமமாக நிற்கும்.

பேச்சைத் தொடங்கும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இது சொத்துக்காக இல்லை. இரண்டாவது குடும்பம் என்றதும் எல்லார் மனசிலும் வருவது அந்தப் பயம்தான். சொத்துக் கேள்வி உண்மையிலேயே வந்தால் அதை வக்கீலிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி எதையும் அவர்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: என் பெற்றோர் 1971-ல் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர்கள். பூட்டன் "முதுகுளத்தூர்ப் பக்கம்" என்று மட்டும் சொல்வார்கள். ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? அண்ணன் தம்பிகள் நீலகிரியிலும் திருச்சியிலுமாகச் சிதறிக் கிடக்கிறோம்.
– வாசகர், மண்டபம்

பதில்: நீங்கள் இன்று குடியிருக்கும் மண்டபம் வழியாகவே உங்கள் பூட்டன் போயிருக்க வாய்ப்பு அதிகம். இலங்கை அரசு இங்கே நடத்திய கேம்ப்பில் தோட்டத்துக்குப் போகிறவர்களை நிறுத்தி, நோய் பார்த்து, ஊசி போட்டுத்தான் ரயிலேற்றினார்கள். என் அப்பா அங்கே கம்பவுண்டர். பெயர், தகப்பன் பெயர், ஊர், எந்தக் கங்காணியின் (ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவரின்) ஆள் என்று வரிசையாகக் கேட்பார்களாம். தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுவிடுவார்கள். 1939-ல் இந்திய அரசு தோட்டக் கூலிக்கு ஆள் போவதைத் தடை செய்ததால், பூட்டன் போனது அதற்கு முன்புதான்.

வீட்டுப் பெட்டியில் மூன்று காகிதங்களைத் தேடுங்கள். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, 1949-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பல குடும்பங்கள் குடியுரிமை கேட்டு மனுப் போட்டன. அந்த மனுவின் நகல் இருந்தால் பொன். அடுத்தது, 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஊர் திரும்பியபோது கொடுத்த பாஸ்போர்ட். 5,25,000 பேரை அப்படித் திருப்பி அனுப்ப முடிவு செய்தார்கள். மூன்றாவது, அப்போது கொடுத்த குடும்ப அட்டை. எந்த அண்ணன் வீட்டில் எது இருக்கிறது என்று முதலில் நீங்கள் எல்லாரும் ஒரு நாள் போனில் சேர்ந்து பேசுங்கள். பெரும்பாலும் மூத்த அக்கா வீட்டில்தான் இருக்கும்.

காகிதம் ஒன்றுமே இல்லை என்றாலும் குலதெய்வத்தின் பெயர் இருக்கும். மலையில் இருந்தபோது எந்த சாமிக்கு முடி எடுத்தார்கள், வீட்டில் முதல் பிள்ளைக்கு யார் பெயரை வைத்தார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். ஒரு சாமி பெயரும் அதனோடு சேர்ந்த துணைத்தெய்வத்தின் பெயரும் கிடைத்தால், முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் ஐந்தாறு கோயில்களுக்குள் சுருங்கிவிடும். மாசி மாதம் குலதெய்வக் கோயிலில் நடக்கும் மாசிக்களரிக்குப் போங்கள். பங்காளிகள் எல்லாரும் அன்றைக்கு வருவார்கள், தலைக்கட்டு வரி எழுதும் நோட்டும் வரும். பழைய நோட்டில் "கண்டி போனவர்" என்று குறித்த பெயர் இருக்கிறதா என்று கோடாங்கியிடமோ வரி எழுதுபவரிடமோ கேளுங்கள். அதற்குள் பூட்டனுடைய தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் பெயரையும் விசாரித்து எனக்கு எழுதுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரையும் பக்கத்து ஊரையும் சேர்ந்த ஆட்களைத்தான் கூட்டிப் போனார்கள். அவர் ஊர் தெரிந்தால் அடுத்த இதழில் மேற்கொண்டு பேசலாம்.